தபால் தங்கும் இடம்: ஒரு வரிச் சூத்திரத்துக்கு ஓர் உரை

மின்னஞ்சலை எப்படி எழுதுவது, யாரை சிசியில் போட்டு யாரை மாட்டிவிடுவது என்பன குறித்தெல்லாம் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. வந்து சேர்ந்த மெயில் சர்வருக்குள் எங்கே போய்ப் படுக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் உரை வகுக்க ஆளில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. இதனால் நுதலப்படுவது யாதோ எனின், போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் சர்வரின் மெயின்.சிஎஃப் ஃபைலில் வரும் ஒரு வரி:

ஹோம்_மெயில்பாக்ஸ் = மெயில்டிர்/

ஆக்கியோன் பெயர் சொல்லாமல் உரை தொடங்கலாகாது. ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்த டச்சுக்காரர் வீட்சே வெனெமா 1998-இல் போஸ்ட்ஃபிக்ஸை வெளியிட்டார். சூத்திரத்தின் பொழிப்பு எளிது: ஒவ்வொரு பயனரின் ஹோம் டைரக்டரியிலும் மெயில்டிர் என்ற பெயரில் மெயிலைப் போடு. அற்றேல், கடைசியில் நிற்கும் சாய்கோடு எதற்கு எனின், சங்கதியே அதில்தான் இருக்கிறது. சாய்கோடு இருந்தால் மெயில்டிர் ஒரு டைரக்டரி. மெயிலுக்கு ஒரு ஃபைல் வீதம் அதற்குள் சேரும். இல்லையேல் மெயில்டிர் என்பது ஒரே ஒரு ஃபைல். வருகிற மெயிலெல்லாம் அதன் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். அச்சுப்பிழை போலத் தோன்றும் இக்கோட்டின் இருபுறமும் நிற்கும் மரபினருக்குள் உள்ள பிணக்கு, வடகலை தென்கலைப் பிணக்குக்குச் சற்றே குறைந்தது.

மூத்தது ஒற்றை ஃபைல் மரபு. எம்பாக்ஸ் எனப்படும் இது யுனிக்ஸின் பிள்ளைப்பருவத்திலிருந்து வருவது. /வார்/மெயில் டைரக்டரிக்குள் ஆளுக்கொரு ஃபைல். பயனர் பெயரே ஃபைல் பெயர். ஒரு மெயில் முடிந்து அடுத்தது தொடங்குவதை எங்ஙனம் அறிவது எனின், வரித் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஃப்ரம் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டிருந்தால் அது புது மெயில். கடிதம் எழுதியவரே ஒரு வரியை அப்படித் தொடங்கிவிட்டால்? அவ்வரியின் தலையில் கணக்குப் பாடத்து ‘பெரிது’ குறி ஒன்றைச் செருகிவிடுவார்கள். நாளை முதல் லீவு வேண்டும் என்பதை ‘ஃப்ரம் டுமாரோ’ என்று தொடங்கி எழுதியவரின் விண்ணப்பம், நெற்றியில் ஒரு கொம்பு முளைத்து மேலாளர் கைக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் கற்ற முறைப்படி ஃப்ரம் என்று எழுதி உடனே காற்புள்ளி வைப்பவரை இவ்விதி தீண்டாது. ஊரார் கடிதத்தில் கை வைக்கும் அதிகாரம் தபால்காரருக்கு எங்கிருந்து வந்தது என்ற அறவியல் கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒரே ஃபைல் என்பதால் ஒருவர் எழுதும்போது மற்றவர் தொடக் கூடாது. அதற்குப் பூட்டு. பூட்டிலும் ஃப்ளாக், எஃப்சிஎன்டிஎல், டாட்லாக் என வகைகள். மெயிலைக் கொண்டுவந்து போடும் புரோகிராம் ஒரு வகைப் பூட்டும், படிக்கும் புரோகிராம் வேறு வகைப் பூட்டும் போட்டால், தான் பூட்டிவிட்டதாகவே இரண்டும் நம்பிக்கொண்டு ஒரே நேரத்தில் உள்ளே நுழையும். விளைவை விளக்கத் தேவையில்லை. ஃபைலின் தொடக்கத்தில் கிடக்கும் ஒரு மெயிலை அழித்தால், அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி எழுத வேண்டியிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக வைத்துக்கொள்ளும் வரம்பு 5,12,00,000 பைட். ஃபைல் அதைத் தொட்டுவிட்டால் வாலில் ஒட்ட இடமில்லை. போட்டோ இணைத்து அனுப்பும் உறவினர் நாலு பேர் இருந்தால் தீர்ந்தது.

இம்மரபை மறுத்து எழுந்தவர் டி. ஜே. பெர்ன்ஸ்டைன். 1990-களில் கியூமெயில் என்னும் சர்வரை எழுதியவர், அதனோடு மெயில்டிர் முறையையும் கொணர்ந்தார். டைரக்டரிக்குள் மூன்று அறை: டிஎம்பி, நியூ, கர். மெயில் முதலில் டிஎம்பியில் எழுதப்படும். முழுதும் எழுதி முடிந்ததும் நியூவுக்குப் போகும். படிக்கும் புரோகிராம் கண்டதும் கர்ருக்கு மாறும். எழுதி முடியாததை எவரும் பார்க்க வழியில்லை. ஆகவே பூட்டு வேண்டாம், சாவி வேண்டாம்.

இம்மரபில் உரைகாரர் நின்று நோக்கத்தக்கது ஃபைலின் பெயர். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகள், ஒரு புள்ளி, வேறெந்த மெயிலோடும் மோதாதிருக்கச் சில எண்கள், ஒரு புள்ளி, சர்வரின் பெயர். அதன்பின் முக்காற்புள்ளி, 2, காற்புள்ளி, பிறகு எழுத்துகள். படித்தால் எஸ், பதில் போட்டால் ஆர், நட்சத்திரம் இட்டால் எஃப். மெயிலுக்குள் ஒரு புள்ளியும் மாறாது. நடந்ததெல்லாம் பெயரில் ஏறும். எழுத்துகள் ஆங்கில அகரவரிசையில்தான் நிற்க வேண்டும் என்பது விதி. படித்த பிறகே பதில் போட்டிருந்தாலும் பெயரில் ஆர் முன், எஸ் பின்; இயற்கைக்கு மாறான இவ்வரிசையைப் பற்றி உளவியலார் சிந்திக்கலாம். ‘அந்த மெயிலை நான் பார்க்கவே இல்லை சார்’ என்று மீட்டிங்கில் சாதிப்பவர், ஃபைல் பெயரின் வாலில் எஸ் நிற்பதை அறியமாட்டார். சிஸ்டம் அட்மின் அறிவார். அட்மினோடு பகைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு.

சாய்கோட்டு மரபுக்கும் குறை உண்டு. அது நாளாகித்தான் தெரியும். லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 முறையில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால், வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோடு என்னும் ஃபைல் பதிவிடம் ஒதுக்கப்படும். ஃபைலுக்கு ஓர் ஐநோடு வேண்டும். 100 ஜிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 65 லட்சம் ஐநோடு. வரும் மெயிலெல்லாம் 4 கேபிக்குள் அடங்கும் ஒற்றை வரி ‘ஓகே சார்’, ‘நோட்டட் சார்’ என்று வைத்துக்கொண்டால், 65 லட்சமும் தீரும்போது டிஸ்க்கில் கால்பங்குதான் நிறைந்திருக்கும். சர்வரோ இடமில்லை என்று கதறும். டிஸ்க் நிலவரம் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் முக்கால்வாசி காலி. டிஎஃப்போடு ஐ சேர்த்து அடித்தால்தான் நூறு சதவீதம் என்று உண்மை தெரியும். ‘ஓகே சார்’ ஒழிந்தால் ஐநோடு மிஞ்சும் என்பது இவ்வாய்வின் பக்க விளைவான கண்டுபிடிப்பு. எந்த அலுவலகமும் இதைச் செயல்படுத்தும் என்று தோன்றவில்லை.

இனி சிக்கலுக்கு வருவோம். மெயிலைப் போடுபவர் வேறு, எடுத்துக் காட்டுபவர் வேறு. போடுவது போஸ்ட்ஃபிக்ஸ். போனுக்கும் லேப்டாப்புக்கும் எடுத்துக் காட்டுவது, பின்லாந்தின் டிமோ சிராய்னென் 2002-இல் வெளியிட்ட டவ்காட். அதற்குத் தனிச் சூத்திரம்: மெயில்_லொகேஷன். இரண்டும் ஒரே இடத்தைச் சுட்ட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் ஹோம் டைரக்டரியில் போட, டவ்காட் /வார்/மெயிலில் தேடினால், இரண்டிலும் பிழை இல்லை. இரண்டும் கடமை தவறவில்லை. இன்பாக்ஸ் மட்டும் காலி. அனுப்பியவர் ‘அனுப்பிட்டேன்’ என்பார், பெறுபவர் ‘வரலை’ என்பார், இருவரும் அரிச்சந்திரன். எம்டி வந்து சர்வரை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்.

இவ்விடத்தில் லாக் ஃபைலே மூலச்சான்று. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலைப் போட்டதும் ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்று எழுதி, அடைப்புக்குள் ‘டெலிவர்ட் டு மெயில்டிர்’ என்றோ ‘டெலிவர்ட் டு மெயில்பாக்ஸ்’ என்றோ குறிக்கும். முதலது சாய்கோடு உண்டு என்பதற்கும், அடுத்தது இல்லை என்பதற்கும் சான்று. சென்ட் என்ற சொல்லைக் கண்டு நிம்மதியடைந்து அடைப்பை வாசிக்காமல் விடுவோரே உலகில் மிகுதி. மெயில்டிர் டைரக்டரி ஏற்கெனவே இருக்க, சாய்கோட்டை விட்டுவிட்டால் நிலைமை நேர்மையானது: எழுதப் போன இடம் ஃபைல் அன்று, டைரக்டரி என்று போஸ்ட்ஃபிக்ஸ் லாகிலேயே புலம்பிவிடும்.

சூத்திரம் சரியாக எழுதி, சாய்கோடும் இட்டு, சர்வரும் ரீலோடு ஆகி, அப்போதும் மெயில் பழைய இடத்துக்கே போகிறதே எனின், பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்பதை நினைக. மெயின்.சிஎஃபில் மெயில்பாக்ஸ்_கமாண்ட் என்றொரு வரி இருந்தால், ஹோம்_மெயில்பாக்ஸ் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டாலும் அதற்கு மதிப்பில்லை. பழைய சர்வர்களில் அவ்வரி புரோக்மெயில் என்ற புரோகிராமைக் கைகாட்டி நிற்கும். மெயில் அதன் கையில் போய், அது நினைத்த இடத்தில் விழும். மெயில்பாக்ஸ்_டிரான்ஸ்போர்ட் என்பது இருந்தால் கமாண்டுக்கும் மதிப்பில்லை. பயனரின் ஹோம் டைரக்டரியில் டாட்-ஃபார்வேர்டு ஃபைல் கிடந்தால் இவை அனைத்துக்கும் முன்னால் அதன் சொல்லே செல்லும். இலக்கணம் படித்தோருக்கு இதில் புதுமை இல்லை. படிக்காதோர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அழித்தெழுதிக்கொண்டிருப்பர்.

2025-இல் வந்த டவ்காட் 2.4, மெயில்_லொகேஷன் சூத்திரத்தையே பிளந்துவிட்டது. எந்த மரபு என்பது மெயில்_டிரைவர், எந்த இடம் என்பது மெயில்_பாத். தன் பதிப்பு எண்ணை முதலிலேயே அறிவிக்காத கான்ஃபிக் ஃபைலை அது ஏற்பதும் இல்லை. பழைய ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு அப்டேட் அடித்தவருக்கு சர்வர் எழுந்திருக்காது. ஏட்டுச் சுவடி பதிப்பித்தோர் இந்தக் கண்டிப்பைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். போஸ்ட்ஃபிக்ஸில் மட்டும் இன்றும் மரபைச் சொல்லத் தனிச் சொல் இல்லை. வரியின் கடைசியில் அந்தச் சாய்கோடுதான்.