ஓட்டிப் பார்க்க ஒரு மலை

திருவண்ணாமலையில் பைக் வாங்குகிறவர் கொடுத்துவைத்தவர். ஓட்டிப் பார்க்க 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. பௌர்ணமிக்கு மட்டும் ஆசைப்படக் கூடாது. ஷோரூம்காரர்களோ பெட்ரோல் பங்க் வரைதான் விடுவார்கள், அதுவும் பின்னால் ஒரு பையனை ஏற்றி.

முதலில் புல்லட். 1955 முதல் சென்னைவாசி, எடை 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரமணாசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் செங்கம் சாலையில் அதை ஓட்டிப் போகும் நிதானத்தைப் பார்த்தால் நமக்கும் ஞானம் வந்துவிடும் போலிருக்கும். தேரடி வீதி நெரிசலில் காலால் உந்திப் பின்னுக்குத் தள்ளும்போது அந்த ஞானம் போய்விடும்.

அடுத்து ஆர்15. இந்திர லிங்கத்தில் குனிந்தால் எம லிங்கம் தாண்டியும் நிமிர முடியாது. பக்திக்கு உகந்த வண்டி. பின்சீட்டைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "இதுல நான் உட்காரணுமா, இல்ல பூஜைத் தட்டு வைக்கணுமா?" என்றார். ஹிமாலயன்? இமயம் ஏறுமாம். வேங்கிக்கால் வேகத்தடையை ஏறிக் காட்டியது. சிக்னலில் கால்தான் தரைக்கு எட்டவில்லை.

மாமனார் கேட்டது ஒரே கேள்வி: "லிட்டருக்கு எவ்ளோ மாப்ள?"

ஸ்பிளெண்டர் புக் ஆயிற்று. அதை மட்டும் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.