மூணாவது வீட்டு இன்ஜினியர்

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் இன்ஜினியர் என்றால் துரை. பங்களா, தோட்டம், தோட்டத்துக்கு ஓர் ஆள், நாய்க்கு ஓர் ஆள், சாயங்காலம் கிளப், ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப். 1880-ல் சுரங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து வெகுகாலம் இந்த இலக்கணம் மாறவில்லை. இன்ஜினியர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். இப்போது சுரங்கத் தொழிலாளிகளின் பாலகாட் லைன் வீடுகளில் இன்ஜினியர் என்றால், குடத்தைக் குழாயடி வரிசையில் போட்டுவிட்டு, வாயில் பிரஷ்ஷோடு திண்ணையில் உட்கார்ந்து லேப் ரெகார்ட் எழுதும் பத்தொன்பது வயதுப் பொண்ணு. அவள் எதிரே வந்தால் யாரும் ஒதுங்குவதில்லை. கையில் மிக்ஸியைக் கொடுக்கிறார்கள்.

சிஇடி நுழைவுத் தேர்வில் சீட் வந்த அன்றைக்கே இது ஆரம்பித்துவிடும். கல்லூரி வாசலைக்கூட அவள் மிதித்திருக்க மாட்டாள்.

"பாப்பா, நீ இன்ஜினியராமே? இது மூணு நாளா சுத்தல, இன்னான்னு பாரு."

"பெரிம்மா, நான் எடுத்திருக்கிறது கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"இருக்கட்டுமே, மிக்ஸியும் கரண்டுலதானே ஓடுது?"

இந்த வாதத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் கிடையாது. பொண்ணு யூடியூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் போடுகிறாள். அடியில் நாலு ஸ்குரூ. ஒன்று துருப்பிடித்து வர மறுக்கிறது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு. உள்ளே பத்து வருஷத்துப் பொடி மோட்டாரைச் சுற்றி அப்பிக் கிடக்கிறது. பக்கவாட்டில் இருக்க வேண்டிய கார்பன் பிரஷ் தேய்ந்து நகத்துண்டு அளவில் பல்லிளிக்கிறது. ராபர்ட்சன்பேட்டையில் போய் ஒரு ஜோடி வாங்கி வந்து மாட்டினால், மிக்ஸி லைன் முழுக்கக் கேட்கும்படி அலறுகிறது. அவள் செய்த தப்பு அதுதான். ஓடாமல் விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். மறுநாளிலிருந்து டேபிள் ஃபேன், செட்டாப் பாக்ஸ், ஒரு தடவை டிவிஎஸ் ஃபிஃப்டிகூட வந்தது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் எப்படி வந்தது என்று கேட்டால், குடும்ப மாநாடு. தாத்தா நந்திதுர்க்கம் சுரங்கத்தில் டிரில்லர். பாலகாட் சுரங்கம் அதற்கு வெகு முன்பே மூடிப் பேர் மட்டும் ஊருக்கு மிஞ்சியிருந்தது. மிச்சமிருந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடின. அப்பா அன்றிலிருந்து ரயிலில்தான் குடித்தனம்; விடியுமுன் பெங்களூருக்கு ஏறினால் இருட்டிய பிறகு இறங்குவார். அம்மா ஒரு வரியில் தீர்ப்பு சொன்னாள்: "பூமிக்குக் கீழ வேலை பார்த்த குடும்பம் போதும், ஏசிக்குக் கீழ உக்காரட்டும்." தீர்ந்தது. உரிகத்திலேயே கல்லூரி, இன்றைய பேர் டாக்டர் தி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரி, ஊர் வாயில் இன்னும் கோல்டன் வேலி.

முதல் வருஷம் அவள் எதையும் கேட்க மாட்டாள், கடைசி பெஞ்சும் அல்லாமல் முதல் பெஞ்சும் அல்லாமல் நடுவில் கரைந்துபோவாள். அவளை முதலில் உலுக்குவது கணக்குப் பேப்பர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கன்னடம்தான் உலுக்கும். விடியூ பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படிக்கிற எல்லோருக்கும் கன்னடம் ஒரு பாடம் உண்டு. தெரிந்தவர்களுக்கு சாம்ஸ்கிருதிக கன்னடம், தெரியாதவர்களுக்கு பளகெ கன்னடம். இவள் எதில் சேர்வது? வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், பக்கத்து வீட்டு பாத்திமா ஆண்ட்டியிடம் உருது, வைவாவில் இங்கிலீஷ். ஐந்து பாஷையிலும் சண்டை போடத் தெரியும், ஒன்றிலும் கட்டுரை எழுத வராது. கடைசியில் சாம்ஸ்கிருதிகத்தில் சேர்ந்து, பரீட்சையில் தமிழ் வாக்கியத்துக்குக் கன்னட விகுதி போட்டுப் பாஸாகிவிடுகிறாள். தங்கவயல்காரர்கள் நூறு வருஷமாகச் செய்துவருகிற தந்திரம் அது.

கூட்டாளிகள் நாலு பேர். பேத்தமங்கலத்துக்காரி, பங்காருப்பேட்டைக்காரி, ஆண்டர்சன்பேட்டைக்காரி, இவள். நாலு டப்பாவையும் நடுவில் வைத்துத்தான் சாப்பாடு. யார் டப்பா யாருடையது என்பது மதியம் ஒரு மணிக்குப் பிறகு தெரியாது. பேத்தமங்கலத்துக்காரிக்கு ஒரு தலைக்கனம் உண்டு. சுரங்க ஊருக்கே குடிதண்ணீர் ஒரு காலத்தில் பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் வந்தது. "உங்க தாத்தா குடிச்சது எங்க ஊர்த் தண்ணிடி" என்பாள், பொரியலில் பாதியை வழித்துக்கொண்டே. அதற்கு இவள் பதில், "அதான் அவர் பல் எல்லாம் போயிடுச்சு." ஆண்டர்சன்பேட்டைக்காரி மைனிங் இன்ஜினியரிங் பிரிவு. தன் கிளாஸில் பொண்ணுங்களை எண்ண ஒரு கையே அதிகம் என்று பெருமையாகச் சொல்வாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சினேகிதம் இறுகுவது எம்-டூ கணக்குப் பேப்பரில் மூன்று பேருக்கு பேக் விழுந்த அன்றைக்கு. பாஸான ஒருத்தி குற்ற உணர்ச்சியில் அழுகிறாள். விழுந்த மூவரும் அவளைத் தேற்றுகிறார்கள். அதற்கப்புறம் பட்டம் வாங்க ஏஐசிடிஇ கேட்கிற நூறு ஆக்டிவிட்டி பாயின்ட்டுக்காக நாலு பேரும் வேப்பங்கன்று நடப் போகிறார்கள். கன்று நட்ட நேரம் பத்து நிமிஷம், போட்டோவுக்கு முக்கால் மணி. பின்னணியில் சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைடு மேடு வெள்ளையாக விழுந்தால் படம் எடுப்பாக இருக்குமாம். அந்த மேட்டு மண் காற்றில் வந்து சமையலறையில் படிவதைத் துடைத்துத் துடைத்து அம்மாக்களின் இடுப்பு ஒடிந்தது. 2018-ல் கேஜிஎஃப் சினிமா வந்தபின் அதே மேட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மூன்றாம் வருஷம் இன்டர்ன்ஷிப்புக்குப் பெங்களூர். கோரமண்டலிலோ உரிகத்திலோ ஏறி, டேக்கல், மாலூர், ஒயிட்ஃபீல்டு என்று நின்று நின்று போகிற ரயில். கர்ச்சீஃப் போட்டு இடம் பிடிக்கும் சீட்டாட்ட மாமாக்கள் முதல் வாரம் அவளை நிற்க வைத்தார்கள். இரண்டாவது வாரம் ஒரு கர்ச்சீஃபை எடுத்து மடித்து உரியவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மாமா திகைத்து, "யாரு பொண்ணுமா நீ?" என்றார். தாத்தா பேரைச் சொன்னாள். அதற்குமேல் அவளுக்கு ஜன்னலோரம் நிரந்தரம். ஆனால் காலேஜ் கணக்கு, பெங்களூர் சம்பளம், கல்யாணம் ஆகிய மூன்றிலும் மாலூர் வரை இலவச ஆலோசனை கேட்டே ஆக வேண்டும்.

இன்டர்ன்ஷிப் ஆபீஸில் எந்த ஊர் என்று கேட்டால் முதலில் "பெங்களூர் பக்கம்" என்று சமாளித்தாள். நூறு கிலோமீட்டர் பக்கம்தானே. பிறகு துணிந்து "பாலகாட்" என்றாள். "மத்தியப் பிரதேசமா? ஹிந்தி நல்லா வருமே!" அங்கேயும் ஒரு பாலகாட், அங்கேயும் சுரங்கம், தோண்டுவது மாங்கனீஸ். கூகுளில் பேரை அடித்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும். சரி, "கேஜிஎஃப்" என்றால் ஆபீஸே எழுந்து அந்த சினிமாவின் ராக்கி பாய் வசனம் பேசியது. அன்றைக்குத்தான் பொண்ணு முதல் தடவை குரலை உயர்த்தினாள். சிவனசமுத்திரத்திலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து 1902-லேயே எங்க ஊருக்குக் கரண்ட் வந்தாச்சு, உங்க பெங்களூருக்கு 1905-லதான் வந்தது என்றாள். ஒருத்தன் போனில் சரிபார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அந்த 1902 கரண்ட் சுரங்கத்துக்கு வந்தது, லைன் வீட்டுக்கு வரவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. ஊர்ப் பெருமை பேசும்போது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டில் பூகம்பம் வந்தது டேட்டா மைனிங் என்ற எலெக்டிவ் பேப்பரால். டைம்டேபிளைச் சுவரில் ஒட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்த தாத்தா "மைனிங்" என்ற இடத்தில் நிமிர்ந்தார். ஆயா அலறினாள்: "பொம்பளப் பிள்ளையை உள்ள இறக்குவாங்களாடா? சாமிக்கு ஆவுமா?"

ஆயாவின் கேள்வியில் சாமிக்கு மட்டும் இல்லை, சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1952 சுரங்கச் சட்டம் பூமிக்குக் கீழே பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. 1965-ல் தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, விஞ்ஞானிகள் கருவி வைத்து நியூட்ரினோவைப் பிடித்தார்கள். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ முதன்முதலில் அகப்பட்ட இடங்களில் அது ஒன்று. கண்ணுக்கே தெரியாத, யாரிடமும் பேசாத துகளுக்குக் கிடைத்த அனுமதி ஆயாவுக்குக் கிடைக்கவில்லை. 2019-ல்தான் மத்திய அரசு கதவைக் கொஞ்சம் திறந்து, தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளுக்குப் பெண்கள் பகலில் கீழே போகலாம் என்றது. 2021-ல் ஆகாங்க்ஷா குமாரி என்ற பெண் ஜார்க்கண்டில் சூரி நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினியராக இறங்கினார். ஆண்டர்சன்பேட்டைக்காரி அந்தச் செய்தியை போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை வரன் பேச்சு எழும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவாள்.

டேட்டா மைனிங்கில் மண்ணே கிடையாது, மலைமாதிரி குவிந்த தகவலிலிருந்து உபயோகமானதைப் பொறுக்கி எடுப்பது என்று பேத்தி விளக்கினாள். தாத்தா யோசித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "டன்னுக்கு எவ்வளவு கிராம் தேறும்?"

பேத்தி வாயடைத்துப்போனாள். தங்கவயலின் தலையெழுத்தே அந்தக் கேள்விதான். ஆரம்ப காலத்தில் டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் ஐந்துக்கும் கீழே போய்த்தான் சங்கு நின்றது. அந்த வாரம் வகுப்பில் அவள் எழுந்து, இவ்வளவு டேட்டா சேர்த்துவைக்கிற செலவுக்கு உள்ளே அவ்வளவு சரக்கு இருக்கிறதா என்று எப்படிக் கணக்குப் போடுவது என்று கேட்டாள். நடு பெஞ்சிலிருந்து வந்த முதல் கேள்வி. லெக்சரர் அதற்கு முழு வகுப்பையும் எடுத்துக்கொண்டார்.

தாத்தாவோ டீக்கடையில் "பேத்தி மைனிங் படிக்குது" என்று மட்டும் சொல்லிவைத்தார். பழைய டிரில்லர்கள், டிம்பர்மேன்கள், வைண்டிங் டிரைவர்கள் எல்லோருக்கும் நம்ம பொண்ணு என்ற உரிமை வந்துவிட்டது. மிக்ஸிக் காலம் முடிந்து காகிதக் காலம் பிறந்தது. ஆதாரில் பேர் திருத்தம், ரேஷன் கார்டு, வீட்டுப் பட்டாவுக்கு மனு, எல்லாம் மூணாவது வீட்டுத் திண்ணைக்கு வரும்.

அதில் பெரிய திருவிழா பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்று. வருஷத்துக்கு ஒரு தடவை, நான் இருக்கிறேன் என்று மெஷினில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். முப்பது வருஷம் டிரில்லைப் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் ஒவ்வொரு விரலாக நிராகரித்தது. எண்ணெய் தடவி, துடைத்து, சூடு பறக்கத் தேய்த்தும் பத்து விரலும் பெயில். அப்போதுதான் பொண்ணு முகத்தைக் காட்டியே சான்று தரும் ஆப்பைக் கண்டுபிடித்து போனில் இறக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் பதினோரு தாத்தாக்கள். கூட்டாளிகள் மூவரும் உதவிக்கு. ஆண்டர்சன்பேட்டைக்காரி டோக்கன் எழுத, பேத்தமங்கலத்துக்காரி வெள்ளைத் துப்பட்டாவைப் பின்னணியாகப் பிடிக்க, இவள் போனை நீட்டுகிறாள். ஆப் கேட்பது ஒன்றே ஒன்று: கண்ணைச் சிமிட்ட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். போட்டோ என்றால் விறைத்து நின்று விழி பிதுங்க முறைக்க வேண்டும் என்று பழகிய தலைமுறை. "சிமிட்டுங்க தாத்தா" என்றால் இன்னும் அகலமாக விழிக்கிறார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு திறக்கவே இல்லை, தூங்கிவிட்டார். ஒருவர் ஒற்றைக் கண்ணை மட்டும் சிமிட்ட, பங்காருப்பேட்டைக்காரி வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். முன்னாள் வைண்டிங் டிரைவர் ஒருவர் ஏழாவது தடவையும் தோற்று, வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, நான் உயிரோட கீறேன்னு நீ ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா செல்லாதா? நீதான் இன்ஜினியராச்சே!"