சேவல் மூன்று முறை ஏலம் போன கதை

முகோனோ, உகாண்டா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து ஊழியப் பயணமாக வந்த குழு சுகமாக இருக்கிறது. கூடுதலாகச் சாப்பிட்டதைத் தவிர வேறு குறையில்லை. குழுவில் சபைப் போதகரான ஐயரவர்கள், அவர் மனைவி ஐயரம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கிட்டாரோடு இரண்டு வாலிபர்கள். ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று அவர்கள் பெட்டி நிறையப் பேனாவும் டீ-ஷர்ட்டுமாகக் கிளம்பியிருந்தார்கள். கிராமத்து வேதாகமப் பள்ளி ஒன்றின் பட்டமளிப்பு விழாவில் அந்த நினைப்பு காலை பத்து மணிக்கே ஆட்டம் கண்டது. வாசலிலேயே ஆளுக்கொரு மாலை, ஆளுக்கொரு சோடா. மேடையில் ஐந்து நாற்காலிகளுக்கு மட்டும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவற்றில் இவர்களை உட்கார வைத்தவர்கள், மாலைவரை எழுந்திருக்க விடவில்லை.

கம்பாலாவிலிருந்து ஜிஞ்ஜா போகும் நெடுஞ்சாலையில் முகோனோவைத் தாண்டி, செம்மண் பாதையில் திரும்பினால் பள்ளி வரும். தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கட்டடம், பின்னால் வாழைத்தோட்டம். முகோனோவில் இறையியல் படிப்புக்குப் பழைய வேர் உண்டு. பிஷப் டக்கரின் பெயரில் 1913-ல் இங்கே தொடங்கிய இறையியல் கல்லூரி, 1997-ல் உகாண்டா கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே கட்டணம் கட்டிப் படிக்க வழியில்லாதவர்களுக்குத்தான் இந்தச் சின்னப் பள்ளிகள். பட்டம் வாங்க வந்தவர்களில் வாழை பயிரிடுகிறவர் இருந்தார், தையற்காரர் இருந்தார், போடா போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் இருந்தார். பெரும்பாலோர் பல வருஷமாக ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்து வருகிறவர்கள். முதலில் பிரசங்கம், பிறகு படிப்பு!

இந்தியர்கள் மேடையில் உட்கார்ந்திருப்பது ஊர்க்காரர்களுக்கு விநோதமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் இந்தியர் என்றால் கடைக்காரர், அல்லது ஆலைக்காரர். இதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் லுகாசி; அங்கே மேத்தா குடும்பத்தின் சர்க்கரை ஆலை 1924 முதல் இருக்கிறது. 1972-ல் இடி அமின் ஆசியர்களை 90 நாள் கெடு வைத்துத் துரத்தியதும், 1986-க்குப் பிறகு அவர்களில் பலர் திரும்பி வந்து ஆலைகளையும் கடைகளையும் மீட்டதும் கிழவர்களுக்கெல்லாம் நினைவிருக்கிறது. முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் வாலிபர்களைக் கூப்பிட்டு, என்ன வியாபாரம், என்ன விலை என்று கேட்டார். பாட்டுப் பாட வந்திருக்கிறோம் என்றார்கள். அவர் நம்பவில்லை. கிட்டார் விலை எவ்வளவு என்றார்.

வாழ்த்துரையில் ஐயரவர்கள் சரித்திரத்தை இழுத்தார். சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். அதே சங்கத்தார் இந்தப் பக்கத்துப் புகாண்டா ராஜ்யத்தின் அரசர், அதாவது கபாகா, முட்டேசாவின் அரண்மனை வாசலுக்கு வந்தது 1877-ல். ஆகவே திருநெல்வேலி சபை உங்களுக்கு 57 வயது மூத்த அண்ணன் என்றார். நல்ல கைதட்டல். அடுத்துப் பேச எழுந்த பள்ளி முதல்வர், அண்ணன் வந்ததில் மெத்த மகிழ்ச்சி, ஆனால் தம்பியைப் பார்க்க வருவதற்கு இவ்வளவு காலமா என்று கேட்டார். கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. ஐயரம்மாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள்.

அந்த முதல்வர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். அவர் சொன்னதில் ஒன்று: இங்கத்து லுகாண்டா மொழியில் முழு வேதாகமம் 1896-ல் வந்தது. பில்கிங்டன் என்ற மிஷனரியும், ஹென்றி ரைட் டூட்டா போன்ற உள்ளூர் அறிஞர்களும் சேர்ந்து முடித்த வேலை அது. அச்சிட்ட புத்தகத்தின் அகலம் குறைவு, பருமனோ செங்கல் அளவு. காரணம் கறையான். ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும் அளவில் புத்தகத்தைச் செய்தால் கறையான் கிட்டே வராது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை அம்மாவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. நம் சேகரத்துப் பழைய பதிவேடுகளையும் யாராவது பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தால் தன் பாட்டியின் ஞானஸ்நானத் தேதி கிடைத்திருக்குமே என்று வருத்தப்பட்டார்கள்.

இனி விழா. கறுப்பு அங்கிகள் வாடகைக்கு எடுத்தவை, எல்லாம் ஒரே அளவு. உயரமானவருக்கு முழங்காலோடு நின்றது, குள்ளமானவர் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கழுத்தில் கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சுற்றுகிற ஜிகினா மாலை. பெயரைக் கூப்பிட்டால் ஆள் தனியாக மேடைக்கு வருவதில்லை. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டார், சபையார் என்று ஒரு பட்டாளமே குலவையிட்டு ஆடிக்கொண்டு கூடவே வரும். பெண்கள் பெரும்பாலும் கோமெசியில் வந்திருந்தார்கள். தோள் இரண்டும் கூர்மையாக நிமிர்ந்து, இடுப்பில் அகலப் பட்டை கட்டிய அந்த உடையை, சுமார் நூற்றிருபது வருஷத்துக்கு முன் கயாசா பெண்கள் பள்ளிக்காக கோவாவைச் சேர்ந்த ஒரு தையற்காரர் வடிவமைத்ததாகச் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் புடைசூழ வந்த ஒரு பாட்டியம்மாள் சான்றிதழை வாங்கியதும் அதைத் தலையில் வைத்துக்கொண்டு பந்தலை ஒரு சுற்று ஆடி வந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அதற்கு இரண்டு நிமிடம்தான் போட்டிருந்தது.

பேச்சாளர்களின் வரிசையைச் சொன்னால் சித்தப்பா நம்பமாட்டீர்கள். இங்கே கிராமத் தலைவரை எல்.சி. ஒன் சேர்மன் என்பார்கள். அவர் பேசாமல் ஒரு கல்யாணமும் இல்லை, ஒரு கருமாதியும் இல்லை. ஒவ்வொருவரும் மைக்கைப் பிடித்ததும் மேடையில் உள்ள அத்தனை பேருக்கும் பதவி வாரியாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். சிலர் விஷயத்துக்கு வராமலே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஒரு சான்றிதழ்க் காகிதத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்றால், அண்டை நாட்டைப் பார்க்க வேண்டும். ருவாண்டாவில் 2018-ல் சில வாரங்களுக்குள் கிகாலி நகரத்தில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட சபைகளை அரசாங்கம் மூடியது. கட்டடப் பாதுகாப்பு, சுகாதாரம், இரைச்சல் என்று காரணம் சொன்னார்கள். அதே ஆண்டில் வந்த சட்டம், சபைத் தலைவர்களுக்கு இறையியல் பட்டம் வேண்டும் என்றது. உகாண்டாவிலும் அந்தப் பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. இந்தச் சின்னப் பள்ளியின் சான்றிதழ் அந்தச் சட்டத்துக்குப் போதாது. ஆனாலும், எங்கே படித்தாய் என்று யாராவது கேட்டால் எடுத்து நீட்ட ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

அடுத்து கேக். பட்டம் பெற்ற பெண்கள் அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தட்டில் ஏந்தி, பெரியவர்கள் முன் மண்டியிட்டு நீட்டினார்கள். புகாண்டாவில் அதுதான் மரியாதை. ஐயரம்மா பதறிப்போய்த் தானும் மண்டியிட்டார்கள். விருந்தாளி மண்டியிட்டால் தான் எப்படி எழுந்திருப்பது என்று அந்தப் பெண்ணும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரையும் தூக்கிவிட ஆள் வர வேண்டியிருந்தது.

சாப்பாடு நம் பக்கத்துச் சபை விருந்தான அசனம் மாதிரியேதான். அண்டா அண்டாவாக விறகடுப்பில் விடியுமுன்னே தொடங்கிய சமையல். பச்சை வாழைக்காயை உரித்து, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து, இலைக்குள் வைத்தே பிசைந்தால் மட்டோகே. நாம் இலையில் சாப்பிடுகிறோம், இவர்கள் இலையில் சமைக்கிறார்கள். அதன் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் நிலக்கடலைக் குழம்பு. அதே தட்டில் சோறு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பூசணி, சோளமாவுக் களி, சப்பாத்தி. சப்பாத்தி நம் தேசத்திலிருந்து வந்ததுதான். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை ரயில் பாதை போட வந்த 30,000-க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளிகளும், அவர்கள் பின்னால் வந்த வியாபாரிகளும் விட்டுச் சென்ற சொத்து அது. ஒன்றை வேண்டாமென்றாலும் பரிமாறுகிற அம்மாவின் முகம் வாடிவிடுகிறது. கோழியின் இரைப்பை மட்டும் ஐயரவர்களுக்குத் தனிக் கிண்ணத்தில் வந்தது. வீட்டுத் தலைவருக்கும் பெரிய விருந்தாளிக்கும் ஒதுக்குகிற துண்டு அது. முன்காலத்தில் இங்கே பெண்கள் கோழியே சாப்பிடக் கூடாதாம். பெண்கள் சமைக்கலாம், சாப்பிடக் கூடாது. நல்ல சட்டம்! தலைமையாசிரியை அம்மா அதைக் கேட்டுவிட்டு இன்னொரு தொடைக்கறி எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பிட்ட பிறகு ஏலம். கையில் காசில்லாதவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், பலாப்பழம், கரும்பு, முட்டை, கோழி எல்லாவற்றையும் அங்கேயே கூறி விற்பது இங்கத்துச் சபைகளின் வழக்கம். நம்மூர் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் கைதேர்ந்த ஐயரவர்களுக்கு, அன்றைக்கு முதல்முறையாகத் தெரிந்த வேலை கிடைத்தது. ஒரு சிவப்புச் சேவலுக்கு எல்.சி. ஒன் சேர்மனோடு போட்டி போட்டார். இந்திய ரூபாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 உகாண்டா ஷில்லிங் வருவதால் விலை மளமளவென்று பல ஆயிரங்களைத் தாண்டியது. ஐயரம்மா பர்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். சேவல் ஐயரவர்களுக்கு வந்தது.

விமானத்தில் ஏற்றவா முடியும்? நம்மூர் வழக்கப்படி திரும்பச் சபைக்கே கொடுத்தார். மறுபடி ஏலம். இந்த முறை எடுத்தது போடா போடா ஓட்டுகிற பட்டதாரி. அவர் அதைக் கொண்டுவந்து, வெளிதேசத்து விருந்தாளிக்கு அன்பளிப்பு என்று ஐயரவர்கள் மடியிலேயே வைத்துவிட்டார். மூன்றாவது ஏலத்தில் சேர்மன் யாரையும் வாய் திறக்க விடவில்லை. முதலிலேயே பெரிய தொகையைச் சொல்லி, சேவலை வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரே சேவலில் மூன்று வரும்படி. வகுப்பறைக் கூரையின் ஓட்டைத் தகரங்களை அதில் மாற்றப்போகிறார்களாம். பெட்டியில் வந்த டீ-ஷர்ட்டுகளையும் ஏலத்தில் வைக்கலாமா என்று பொருளாளர் கேட்டார், ஐயரவர்கள் சரி என்றார்.

அடுத்த ஆண்டு விழாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து பெரிய குழுவாக வரச் சொல்லி முதல்வர் இப்போதே அழைத்திருக்கிறார். சித்தப்பாவும் வருவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அங்கே தருகிற மஞ்சள் அட்டையை எண்டெபே விமான நிலையத்தில் கேட்பார்கள், ஊர் திரும்பும்போது நம் அதிகாரிகளும் கேட்பார்கள். சித்தியிடம் சொல்லிக் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவாருங்கள். இங்கே எல்லாம் இருக்கிறது, காரம்தான் இல்லை.

இப்படிக்கு,
அண்ணன் மகன்