வருமாம்

என் லேப்டாப்பில் ‘ன’ படுத்த படுக்கையாகி எட்டு மாதம் இருக்கும். ஒரேயடியாகப் போயிருந்தால் காரியத்தை முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். இது இழுத்துக்கொண்டு கிடந்தது. பேரன் அந்த விசையை நெம்பி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவனைக் குப்புறப் பிடித்து, முதுகில் தட்டி, விசையை மீட்டுவிட்டோம். ஆனால் அடியில் அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொக்கி இரண்டாகிவிட்டது. அன்று முதல் அந்த இடத்தில் ஒரு ரப்பர் குமிழ் மட்டும். இடது நடுவிரலால் ஓங்கிக் குத்தினால் பத்துக்கு ஏழு முறை ‘ன’ விழும்.

விழாத அந்த மூன்று முறைதான் ஊர் சிரித்தது. “தலைவர் கடும் கண்டனம் தெரிவித்தார்” என்று நான் எழுதியது “கடும் கண்டம் தெரிவித்தார்” என்று அச்சில் வந்தது. எந்தக் கண்டம், ஆசியாவா ஆப்பிரிக்காவா என்று ஒரு வாசகர் கார்டு போட்டுக் கேட்டார். கோயில் கட்டுரை ஒன்றில் “கருவறையில் சந்தனம் மணந்தது” என்பது “சந்தம் மணந்தது” ஆயிற்று. மரபுக்கவிதை எழுதும் நண்பர் அந்த ஒரு வரிக்காகவே போன் செய்து, “எப்படிய்யா இப்படியெல்லாம் தோணுது?” என்று உருகினார். நான் மறுக்கவில்லை.

இதெல்லாம் சில்லறை. “தமிழ் எழுத்தாளரின் வருமானம்” என்று தலைப்பிட்டுப் புள்ளிவிவரத்தோடு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் “தமிழ் எழுத்தாளரின் வருமாம்” என்று வந்தது. உதவி ஆசிரியரைக் கூப்பிட்டுக் கத்தலாம் என்று எடுத்தால் அவர் முந்திக்கொண்டார். “தலைப்பு அபாரம் சார். வருமாம்! ஒரே வார்த்தையில மொத்தத்தையும் சொல்லிட்டீங்க. உள்ளே இருந்ததுல பாதியை வெட்டிட்டேன், தேவைப்படல.” வீட்டில் மனைவி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “எப்பங்க?”

கம்ப்யூட்டரை மாற்றுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

‘ன’ மட்டும்தான் குறை என்று சொன்னால் மற்ற குறைகள் கோபித்துக்கொள்ளும். 2014-ல் வாங்கியது. பவர் பட்டனை அழுத்திவிட்டுக் குக்கர் வைத்தால் மூன்றாவது விசிலுக்குத்தான் பாஸ்வேர்டு கேட்கும். திரையின் இடதுபக்கக் கீல் உடைந்து, பின்னால் ஒரு காலி நெய் டின்னை முட்டுக் கொடுத்திருந்தேன். நான் எழுதுவது ஊஞ்சலில் உட்கார்ந்து. நெய் டின் வந்தபிறகு ஊஞ்சல் ஆடுவதில்லை. வெளியே ஒரு கீபோர்டை மாட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: மடியில் லேப்டாப், அதன்மேல் கீபோர்டு, அதன் பின்னால் நெய் டின். இதற்கு ஆள் அல்ல, அலமாரி வேண்டும்.

பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். “அப்பா, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு. இன்னும் அதையே வச்சுக்கிட்டு இருக்கீங்களா?”

“முடிஞ்சா என்னடா? எனக்கும்தான் 58-ல முடிஞ்சுது. ஓடிக்கிட்டு இல்ல?”

“உங்களுக்கு பென்ஷன் வருது. அதுக்கு அப்டேட்கூட வராது.”

சரி, விண்டோஸ் 11-ஐ இதிலேயே போட்டுவிடலாமே என்றேன். அதற்குத் தகுதி வேண்டுமாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்று, ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புச் சில்லு ஒன்றும் இருக்க வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை. நான்காம் தலைமுறை என்றால் கொள்ளுப்பேரன் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த உலகத்தில் அது கொள்ளுத்தாத்தாவாம்.

விஷயம் வெளியே கசிந்ததும் யோசனைகள் வர ஆரம்பித்தன. நம் ஊரில் மூட்டுவலிக்கு மருந்து சொல்லாதவர் உண்டா? லேப்டாப்பும் அப்படித்தான். பால்காரர்கூட “எஸ்எஸ்டி இருக்கான்னு பாத்து வாங்குங்க சார்” என்றார். அவர் சொன்னது சரியான யோசனை என்பது பிறகு தெரிந்தது. சுழலும் தட்டில் முள் தேடிப் படிக்கிற பழைய ஹார்டு டிஸ்க்தான் அந்த மூன்று விசிலுக்குக் காரணம்; எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை.

மாப்பிள்ளை மேக் கட்சி. “மாமா, ஒருதடவை வாங்கினா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம். ஃபேனே கிடையாது, சத்தமே வராது.” உண்மைதான். 2020-ல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1-ஐப் போட்ட மேக்புக் ஏரில் காற்றாடி கிடையாது. தமிழுக்கும் குறையில்லை. அஞ்சல், தமிழ் 99 இரண்டு விசைமுறைகளும் உள்ளேயே இருக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி எழுத்துரு அதிலேயே வருகிறது. எல்லாம் சரி, புது மாடலின் விலை லட்சத்தை ஒட்டி நின்றது. மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டிய பொருளை மாமனார் தனக்கே வாங்கிக்கொண்டால் தலைதீபாவளிப் பாக்கியெல்லாம் ஞாபகத்துக்கு வரும். மேக்கை அத்தோடு விட்டேன்.

மருமகன், அதாவது என் தங்கை மகன், லினக்ஸ் கட்சி. இவனை இப்படி ஆக்கியது தமிழ்நாடு அரசு. 2011-ல் ஜெயலலிதா தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் இவனுக்கும் பிளஸ் டூவில் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சிடாக் நிறுவனத்தில் உருவான இந்தியச் சரக்கு அது. வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகள் விண்டோஸில் சினிமா பார்த்தபோது, இவன் மட்டும் இன்னொரு கதவைத் திறந்து உள்ளே போனான். இன்னும் வெளியே வரவில்லை.

“மாமா, உங்களுக்கு மிண்ட் போதும்.”

“மிண்ட்டுன்னா?”

“லினக்ஸ் மிண்ட். அதுலயும் சின்னமன் எடிஷன்.”

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “புதினா, பட்டை. கிராம்பு போடலையாப்பா?”

அவன் சிரிக்கவில்லை. பக்தர்கள் இந்த மாதிரி இடங்களில் சிரிப்பதில்லை. 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் பொழுதுபோக்காக ஆரம்பித்ததில் தொடங்கி, ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதே லினக்ஸ் கருதான் என்பது வரை ஒரு காலட்சேபமே நடத்தினான். மிண்ட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் பெண் பெயர்தானாம், எல்லாம் ‘ஆ’வில் முடியுமாம்: வனெஸ்ஸா, வேரா, விக்டோரியா, வில்மா. “இப்ப உங்களுக்கு ஸாராவைப் போட்டுத் தரேன் மாமா” என்றான். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

நான் கேட்டது ஒரே கேள்வி. “என் கை அதுல ஓடுமா?”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் 1979-ல் கும்பகோணத்தில் தமிழ் தட்டச்சு லோயர் முடித்தவன். மறுவருஷம் ஹையர். ரெமிங்டன் இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்து, கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, “யளனக, யளனக” என்று ஒரு மாதம் அடிக்க விட்டார் மாஸ்டர். இடது கையின் நான்கு விரலுக்கு நான்கு எழுத்து. நடுவிரலுக்கு ‘ன’. பிறகு முப்பத்துச் சொச்சம் வருஷம் அரசு அலுவலகத்தில் அதே விரல்கள், அதே இடங்கள். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா மலாயாவில் இருந்தபடி தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கினாரே, அந்த வழியில் வந்த விரல்கள் இவை. அதில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. ‘கெ’ வேண்டுமென்றால் கையால் எழுதுவதுபோலவே கொம்பைப் போட்டுவிட்டு ‘க’வை அடிக்க வேண்டும். யூனிகோடோ எழுத்தை முதலிலும் கொம்பைப் பின்னாலும் அடுக்கி வைக்கும். என் விரல் ஒரு வரிசை, இயந்திரத்தின் வயிறு ஒரு வரிசை. நடுவில் நின்று மாற்றிக் கொடுக்க ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

“தமிழ் 99 கத்துக்குங்கப்பா, ரெண்டே வாரம்” என்கிறான் மகன். 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு அரசே ஏற்றுக்கொண்ட முறை, உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், எல்லாம் எனக்கும் தெரியும். புத்திக்குத் தெரிகிறது. நடுவிரலுக்கு யார் போய்ச் சொல்வது?

மருமகன் தன் லேப்டாப்பைத் திறந்து, மிண்ட்டில் தமிழ் விசைமுறைப் பட்டியலைக் காட்டினான். தமிழ் 99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட். அவற்றுக்குக் கீழே, யாரும் கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த பெரியவர்போல, தட்டச்சு. அதைத் தேர்ந்தெடுத்து, கொம்பு போட்டு, ‘க’ அடித்தேன். ‘கெ’ வந்தது. எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்பமாட்டீர்கள்.

பழைய கட்டுரைகளையும் திறந்து பார்த்துவிடலாம் என்று என் பென்டிரைவைச் செருகினான். 2000-ஐ ஒட்டி எழுதியவையெல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அது தன் வேஷத்தைக் கலைத்துவிடும். ‘தமிழ்’ என்ற சொல், ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஏதோ திவாலான வங்கியின் பெயர் மாதிரி நின்றது. பக்கம் பக்கமாக அப்படியே. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “என்னங்க, இத்தனை வருஷமா இங்கிலீஷ்லயா எழுதிட்டு இருந்தீங்க?” மருமகன் எழுத்துருவைத் தேடிப் போட்டதும் தமிழ் திரும்பி வந்தது. சில கட்டுரைகள் வராமலேயே இருந்திருக்கலாம்.

வாங்கப் போனது மருமகனோடு, சென்னை ரிச்சி தெருவுக்கு. நங்கநல்லூர் ரோட்டில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினோம். அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து அந்தச் சந்துக்குள் திரும்பியதும் ஆளுக்கு ஆள் கையைப் பிடிக்கிறார்கள். “லேப்டாப்பா சார், சர்வீஸா சார், சிசிடிவியா சார்?” பேச்செல்லாம் எண்கள். ஐ-ஃபைவ், பன்னெண்டாவது ஜென், பதினாறு ராம், ஐந்நூத்திப் பன்னெண்டு எஸ்எஸ்டி. ‘ன’ விசைக்கு ஒரு கொக்கி கிடைக்குமா என்று ஆசைக்கு ஒரு கடையில் கேட்டேன். “அந்த மாடலுக்கா? கம்பெனிக்காரனே மறந்திருப்பான் சார்.”

இன்னொரு கடையில் விலை சல்லிசாக ஒன்றைக் காட்டினார் பையன். “இது டாஸ் லேப்டாப் சார்.” ஏதோ தனி ரகம் என்று நினைத்தேன். விண்டோஸ் இல்லாமல், பேருக்கு ஃப்ரீடாஸ் மட்டும் போட்டு வருவதாம். கல்யாண மண்டபம் ரெடி, சமையல்காரரை நீங்கள் கூட்டிவர வேண்டும் என்கிற மாதிரி. “விண்டோஸ் நான் போட்டுத் தரேன் சார், ஆக்டிவேட் பண்ணியே தரேன், காசு வேணாம்” என்று குரலைத் தாழ்த்தினார். அடுத்த கேள்வியையும் அதே தாழ்ந்த குரலில் கேட்டார்: “பில் வேணுமா?” பில் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி. முப்பது வருஷம் அரசு முத்திரையோடு கடிதம் அடித்த விரல்கள் இவை. பில் வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

கடைசியில் ‘கம்பெனி ரிட்டர்ன்’ என்று சொல்லப்படும் பழைய சரக்கில் வந்து நின்றோம். ஐ.டி. நிறுவனங்கள் கழித்துக்கட்டும் லேப்டாப்புகளைத் துடைத்து, பேட்டரி பார்த்து, எஸ்எஸ்டி போட்டு விற்கிறார்கள். எட்டாம் தலைமுறை ஐ-ஃபைவ், 16 ஜிபி ராம், ஒரு வருஷ வாரண்டி, பில்லோடு 28,000 ரூபாய். முதுகில் அலுவலகச் சொத்து எண் ஸ்டிக்கரைக் கிழித்த பசை. விசைப்பலகையை நான் பழைய தட்டச்சராகப் படித்தேன். கண்ட்ரோல், சி, வி மூன்று விசையும் எழுத்தே தெரியாமல் தேய்ந்திருந்தன. யாரோ ஒரு மென்பொருள் வல்லுநர் நாலு வருஷம் என்ன வேலை பார்த்தார் என்பது அந்த மூன்றிலும் இருந்தது. டி என்ற விசை, அதாவது என் ‘ன’, புத்தம் புதிதாகப் பளபளத்தது.

மருமகன் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகி, கடைக் கவுண்டரிலேயே மிண்ட்டை ஓட்டிக் காட்டினான். எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாமாம். கல்யாணத்துக்கு முன்பே மாமியார் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்ப்பது மாதிரி என்று நான் சொல்ல, கடைப் பையன் சிரித்தார். நின்றவாக்கில் கொம்பு போட்டு, எழுத்துப் போட்டு, இரண்டு வாக்கியம் அடித்தேன். “சார், ஸ்கிரீனைப் பாக்காம, கையையும் பாக்காம எங்கயோ பாத்து அடிக்கிறீங்க!” என்று பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டார். ரிச்சி தெருவில் எனக்கு ஒரு கூட்டம் கூடியது. பேரம் பேச வந்தவன் அந்தப் பெருமையில் பேரத்தை மறந்தேன்.

டிஸ்க்கைப் பாதியாகப் பிரித்து ஒரு பக்கம் விண்டோஸ் 11, ஒரு பக்கம் மிண்ட். மகன் வந்தால் விண்டோஸைக் காட்டுவேன், மருமகன் வந்தால் மிண்ட்டை. மாப்பிள்ளை வந்தால் மூடி வைத்துவிடுவேன். அரை விசிலுக்குள் பாஸ்வேர்டு கேட்கிறது. நெய் டின் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. ஊஞ்சல் மறுபடி ஆடுகிறது.

போன வாரம் அதே பத்திரிகையிலிருந்து, வருமானக் கட்டுரைக்கு ஒரு தொடர்ச்சி கேட்டார்கள். தலைப்பை அடித்தேன். எட்டு மாதமாக ரப்பர் குமிழை ஓங்கிக் குத்திப் பழகிய நடுவிரல், நல்ல விசை என்று பாராமல் தன் பாட்டுக்கு ஓங்கி அழுத்தி, விடாமல் நின்றது. “எழுத்தாளரின் வருமானனனனனம்” என்று விழுந்தது.

காபி கொண்டுவந்த மனைவி குனிந்து படித்தாள்.

“பரவாயில்லையே, நல்லா நீண்டிருக்கே” என்றாள். “எப்ப வருமாம்?”