மூணு லெஃப்ட் அக்கா

காலை ஐந்தரைக்கு மைதானத்தில் வாக்கிங் போகிறவர்கள் அவரைத் தூரத்திலேயே கண்டுகொண்டு ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்துக் கட்டி, தலையில் ஹெல்மெட், முன்னால் சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு. இரண்டு கால்களும் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். கம்பெனிக்காரன் கொடுத்தது இரண்டு சக்கரம். மீதி இரண்டை அக்கா சொந்தமாகப் போட்டுக்கொண்டார்.

நாற்பதைத் தாண்டியபின் ஒருநாள் திடீரென்று "வண்டி பழகணும்" என்று கிளம்பும் அக்கா எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் புதுக்கோட்டை அக்காவை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தெரு அக்காவுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஸ்கூட்டரில் ஒரு கோளாறு. பயம் வந்தால் கை இறுகும். வலது கை இறுகினால் ஆக்சிலேட்டர் முறுக்கிக்கொள்ளும். வண்டி பாயும். பாய்ந்தால் பயம் இரட்டிப்பாகும், கை இன்னும் இறுகும். மாட்டுவண்டியில் மாடு மிரண்டால்தான் ஆபத்து. இதில் ஓட்டுகிறவர் மிரண்டாலே போதும். தம்பி மகன் "அத்தை, பிரேக்கைப் புடிங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வருவான். அத்தை முருகனைப் பிடிப்பார். இடது கட்டைவிரல் ஹாரனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வாய் முந்திக்கொள்ளும்: "தள்ளு, தள்ளு, தள்ளூ!"

இதைப் பார்க்கப் பொறுக்காதவர் அக்காவின் அம்மா. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கத் தோதாகவும் போயிற்று. அப்படிப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளைதான் நம் அக்கா.

"சேலையைத் தூக்கிச் செருவிக்கிட்டு கல்லுடைக்கிற எடத்துக்கு ஓட்டிப் போனவடி நான். நீ மெத்தை சீட்டுல உக்காந்துக்கிட்டு நடுங்குற."

"உனக்குப் பயமே இல்லையாம்மா?"

கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "இருந்துச்சு. உன்னை முன்னாடி உக்கார வச்சிருந்தேன்ல, போட்டுட்டு ஓட முடியலை."

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தாலே டெஸ்ட்டுக்குப் போகலாம். அக்காவுக்கு முதல் மாதம் பிரதோஷம் குறுக்கே வந்தது, அடுத்த மாதம் நாத்தனார் மகள் வளைகாப்பு, அதற்கடுத்த மாதம் "இடது முட்டி ஒரு மாதிரியா இருக்கு." ஆறு மாதம் ஓடிப்போய் மறுபடி எல்.எல்.ஆர். போட்டார். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நான் கார் லைசென்ஸ் எடுத்துப் பதினொரு வருடம். கார் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதன் அடியில் பூனை இரண்டு முறை குட்டி போட்டுவிட்டது. கேட்கிறவர்களிடம் "பெட்ரோல் விக்கிற விலைக்கு..." என்று இழுப்பேன். ஆம்பளைகளின் பயம் எப்போதும் பொருளாதாரம் பேசும்.

எட்டுப் போடும்போது கால் தரையில் படக்கூடாது. அதாவது, அக்காவின் சொந்தச் சக்கரங்கள் இரண்டும் பறிமுதல். டெஸ்ட் அன்று வரிசையில் முதலாக நின்றவர், "நீங்க போங்க தம்பி, நீ போம்மா" என்று எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தார். விட்டுக்கொடுக்க ஆள் தீர்ந்துபோனதும் உள்ளங்கை வேர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஏறினார்.

ஒரு எட்டு முடிந்தது. கால் படவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அக்கா இரண்டாவது எட்டில் இருந்தார். மூன்றாவது எட்டில் இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டார்: "போதும்மா, நிறுத்துங்க!"

"நிறுத்துனா கால் பட்டுருமே சார்!"

லைசென்ஸ் வந்துவிட்டது. ரைட்டில் திரும்பத்தான் இன்னும் வரவில்லை. எதிரே பஸ் வந்தால் என்ன செய்வது? தொண்டைமான் ராஜாக்கள் ஊருக்குள் நேர் நேராக வீதி போட்டுவிட்டுப் போன புண்ணியத்தில் அக்கா பிழைத்தார். மூணு லெஃப்ட் திரும்பினால் ஒரு ரைட். கீழ ராஜ வீதிக்கு நடந்து போனால் பத்து நிமிடம், அக்கா வண்டியில் போனால் பதினைந்து. ஆனாலும் தினமும் போகிறார்.

நேற்று கார் உறையைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காலைத் தேய்த்துக்கொண்டு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்ன தம்பி, மாத்திரை வாங்கணும்னீங்களாம்? கடைவீதிக்குத்தான் போறேன், ஏறுங்க." கையில் இன்னொரு ஹெல்மெட்டும் இருந்தது. மறுக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டு ஏறினேன்.

வண்டி தெருமுனை தாண்டியதும் அக்கா சொன்னார்: "பின்னாடி ஆளை வச்சு ஓட்டுறது இதான் மொதத் தடவை."