பால் காய்ச்சிய பிறகு பூச்சு வேலை

2001ல் எங்கள் ஹாஸ்டலில் நரகத்தின் வாசல் இரவு பதினொன்றுக்கு மேல்தான் திறக்கும். வார்டன் ஒரு சுற்று வந்து, டியூப் லைட்டெல்லாம் அணைந்ததைப் பார்த்துத் திருப்தியாகப் போன பிறகு, 14ஆம் நம்பர் அறை ஜன்னலில் போர்வையைக் கட்டுவோம். அந்த பிளாக்குக்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அசெம்பிள் செய்தது. பக்கவாட்டுத் தகடு எப்போதும் கழற்றியே கிடக்கும். சூடேறி நின்றுவிடக் கூடாதென்று டேபிள் ஃபேனை அதன் வயிற்றைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தோம். திருநெல்வேலிப் பங்குனிப் புழுக்கத்தில் எட்டுப் பேர் வியர்த்து வழிய, காற்று முழுவதும் அதற்குத்தான்.

ஆட்டம் ‘டயாப்ளோ 2’. அமெரிக்காவில் ப்ளிஸார்ட் நார்த் செய்து 2000 ஜூனில் வெளியானது. அசல் பெட்டியில் மூன்று சிடி இருக்கும். ஒன்று ஏற்றுவதற்கு, ஒன்று ஆடுவதற்கு, மூன்றாவது முழுக்கக் கதை சொல்லும் படக்காட்சிகள். எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரே சிடி. யாரோ ஒரு புண்ணியவான் படக்காட்சிகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒன்றில் அடக்கி, நீல மார்க்கரில் பெயரையும் ஓர் எழுத்தை விழுங்கி எழுதியிருந்தார். அசல் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை என்பதுதான் உண்மை.

ஆக, எங்களுக்கு ஆட்டம் இருந்தது, கதை இல்லை. முதல் கட்டத்தை முடிப்போம். அடுத்த நிமிஷம் ஏதோ பாலைவன ஊரில் நிற்போம். ஏன் வந்தோம், யாரைத் துரத்துகிறோம், ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரனிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அவன் நம்ம தங்கச்சியத் தூக்கிட்டுப் போயிட்டாம்ல. அதான் துரத்துதோம்.”

மூன்று வருஷம் அதை நம்பித்தான் அத்தனை எலும்புக்கூடுகளையும் வெட்டினோம்.

வெட்டுவது என்றால் கிளிக். நடக்கக் கிளிக், அடிக்கக் கிளிக், விழுந்த காசைப் பொறுக்கக் கிளிக். அன்றைய மவுஸுக்கு வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை உண்டு. இரண்டு நாள் ஆடினால் அம்பு திரையில் நொண்டும். உடனே மவுஸைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, உருண்டையை உள்ளங்கையில் விழவைத்து, உள்ளே இருக்கும் குட்டி உருளைகளைப் பார்க்க வேண்டும். தூசியும் கைவியர்வையும் சேர்ந்து அவற்றின் நடுவில் கறுப்பு நாடா மாதிரி படிந்திருக்கும். கட்டை விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பிவிட்டால் முழுசாக உரிந்து வரும். அந்தச் சுகத்துக்காகவே சண்டை போட்டு அந்த வேலையை வாங்கியவர்கள் உண்டு. நான் உண்டு.

பக்கத்து அறை ரேங்க் ஹோல்டர் ஒருநாள் காலை மெஸ்ஸில் பிடித்துக்கொண்டான். “ராத்திரி பூரா டிக்கு டிக்குனு சத்தம் கேக்கு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டா அடிக்கீங்க?” ஆமாம் என்றோம். அவன் அன்று மத்தியானமே பதறிப்போய்த் தன் ப்ராஜெக்டை ஆரம்பித்தான்.

கரண்ட் போகும். திரும்பி வரும்போது வெட்டிப் போட்ட பேயெல்லாம் பழைய இடத்தில் பழைய மாதிரியே எழுந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து. யாருக்கும் கோபம் வராது. ராத்திரி எவ்வளவு நீளம் அப்போது!

2023 மே 24 அன்று ‘ஹால்ஸ் ஆஃப் டார்மென்ட்’ என்ற ஆட்டம் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. செய்தவர்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் சேஸிங் கேரட்ஸ் என்ற சின்ன நிறுவனம். கேரட்டைத் துரத்துகிறவர்கள் என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டவர்களை நம்பலாம் என்று பட்டது. படத்தைப் பார்த்ததும் எனக்கு டேபிள் ஃபேன் சத்தமே கேட்டது. அதே இருட்டு, அதே பழுப்பு, அதே வெட்டி வெட்டி நடக்கும் எலும்புக்கூடு. விலை 5 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. இரண்டு வாரத்தில், ஜூன் முதல் வாரம், டயாப்ளோ வம்சத்தின் அசல் வாரிசான நான்காம் பாகம் வந்தது. அதன் விலை ஏறக்குறைய 70 டாலர். நான் ஜெர்மனிக்காரர்கள் பக்கம் சாய்ந்ததற்குக் கலை ரசனைதான் காரணம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் வாங்கியது முடியாத ஆட்டம். ‘ஏர்லி ஆக்சஸ்’ என்பார்கள். ஸ்டீம் இதை 2013ல் ஒரு முறையாகவே தொடங்கிவைத்தது. நம் ஊரில் இது எப்போதும் இருக்கிறது. என் அப்பா 1994ல் வீடு கட்டியபோது நாள் நன்றாக இருக்கிறதென்று பூசாத சுவருக்குள் பால் காய்ச்சிக் குடிபோனோம். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, கொல்லைக் கதவுக்குப் பதில் சாக்குப் படுதா. பின் சுவர் பூச்சு அக்கா கல்யாணத்துக்குத்தான் நடந்தது. அதே ஏற்பாடுதான் இதுவும். ஒரே வித்தியாசம், குடியேறியவனே “இங்கே ஒழுகுகிறது” என்று சொன்னால் கொத்தனார் கேட்டுக்கொள்கிறார், அடுத்த மாதம் வந்து அடைத்தும் விடுகிறார். ஆதலால் அன்று முழு ஆட்டத்தைக் காசு கொடுக்காமல் குறையாக ஆடியவன், இன்று குறை ஆட்டத்தைக் காசு கொடுத்து முழுசாக ஆடுகிறேன்.

அந்தப் பழைய தோற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைய கம்ப்யூட்டருக்கு முப்பரிமாண உருவங்களைக் கூட்டங்கூட்டமாக நகர்த்தத் தெம்பு இல்லை. ஆகவே உருவத்தைத் தனியாகச் செய்து, ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு அசைவையும் படம் பிடித்து, அந்தப் படங்களைத் தட்டையாக ஓட்டினார்கள். அது வறுமையின் தந்திரம். இப்போது தெம்புக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். என் தாத்தா வேறு வழியில்லாமல் குடித்த கம்பங்கூழை ஸ்டார் ஹோட்டலில் மண்கலயத்தில் வைத்து மோர்மிளகாயோடு தருகிறார்களே, அந்த மாதிரி. கூழ் நன்றாகத்தான் இருக்கிறது. செய்வதற்கான கருவியும் கோடோ என்ற இலவச மென்பொருள். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. நாங்கள் இலவசமாக எடுத்துக்கொண்ட விதத்தை நினைத்துக் கொஞ்சம் கூசியது. 2021ல் டயாப்ளோ 2ஐப் புதுப்பித்து விட்டபோது வாங்கிக் கடனை அடைத்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். அப்போதுதான் கதையைப் பார்த்தேன். மனநல விடுதியில் அடைபட்ட ஒருவன் சொல்லும் கதை. தங்கச்சியே கிடையாது.

ஹால்ஸ் ஆஃப் டார்மென்ட் ஆடிக்கொண்டிருந்த ஒருநாள், பதினான்கு வயது மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அப்பா, இன்னும் லோடாகலையா?”

“இதுதாம்மா ஆட்டம்.”

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அதுவா வெட்டுது. நீங்க என்ன பண்றீங்க?”

நியாயமான கேள்வி. இத்தாலிக்காரர் லூகா கலான்டேயின் ‘வேம்பயர் சர்வைவர்ஸ்’ பரப்பிய பாணி இது. நாம் நகர்ந்துகொண்டிருந்தால் போதும், கத்தி தானாகச் சுழலும்படி வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்த சமயத்தில் எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஓர் ஆட்டம் முப்பது நிமிஷம். நாலாபுறமும் ஆயிரக்கணக்கில் வருவார்கள், நடுவில் நாம் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். உள்ளே ஒரு கிணறு இருக்கிறது. கண்டெடுத்த மோதிரத்தையோ தொப்பியையோ வாளியில் போட்டால் கயிறு மேலே இழுத்துக்கொள்ளும். மேலே போனது பத்திரம். நாம் செத்தாலும் அது இருக்கும். எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்தது அந்த வாளிதான். சுற்றிலும் பேய்க்கூட்டம் நெருங்க, ஒருவன் கிணற்றடியில் நின்று பத்திரமாகத் தொப்பியை அனுப்பிக்கொண்டிருக்கிறான். மாதச் சம்பளக்காரன்தான் அப்படிச் செய்வான்.

பதினாறு மாதம் பூச்சு வேலை நடந்தது. புது ஆட்கள், புது நிலவறைகள். 2024 செப்டம்பர் 24 அன்று ஆட்டம் முடிந்தது, இனி இது 1.0 என்று அறிவித்தார்கள். அதுவரை எனக்கு ஒரு வசதி இருந்தது. ஏன் முழுசாக ஆடி முடிக்கவில்லை என்று யாராவது கேட்டால், அவர்களே முடிக்கவில்லையே என்பேன். அந்த வாயையும் அடைத்துவிட்டார்கள். (அதற்கும் 2025ல் மாடி எடுத்தார்கள், ‘தி பாக்லேண்ட்ஸ்’ என்று. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.)

அன்று இரவு ஹாஸ்டல் வாட்ஸப் குழுவில் செய்தியைப் போட்டேன். ஒருவன் கட்டை விரலைக் காட்டினான். ஒருவன் அது அவன் பையனுக்குச் சரிப்படுமா என்று கேட்டான். ரேங்க் ஹோல்டர், “எவ்வளவு நேரம் ஆகும்?” என்றான். முப்பது நிமிஷம் என்றேன். “ஒரேயடியாவா?” என்றான்.

பதினொன்றரைக்கு மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான் பழைய கம்ப்யூட்டர்க்காரன். வாங்கிவிட்டானாம். ஏறிக்கொண்டிருக்கிறதாம்.

“எலே, கதை என்ன?”

“இதுல பெருசா கதையெல்லாம் கிடையாதுல.”

“ஏன் கிடையாது? தங்கச்சியத் தூக்கிட்டுப் போயிட்டாம்லா.”