புதுப் புது நகரம்

கேள்வி: கார்த்தேஜ் நகரத்தை இலத்தீன் நூல்கள் ‘கார்த்தாகோ’ என்கின்றனவே, அந்த நாமம் ரோமர் சூட்டியதா? அது ஆண்பாலா, பெண்பாலா?

பதில்: நகரத்தை எரித்த ரோமர், அதற்குப் பெயர் சூட்டும் சிரமத்தை மேற்கொள்ளவில்லை. வட ஆப்பிரிக்கக் கரையில் குடியேறிய பினீசியர், ‘புது நகரம்’ என்னும் அர்த்தத்தில் தங்கள் பாஷையில் இட்ட ‘கர்த் ஹதஷ்த்’ என்பதே ரோமர் நாவில் புரண்டு கார்த்தாகோ ஆயிற்று. பிற்பாடு கார்த்தேஜியர் ஸ்பெயின் கடற்கரையிலும் அதே பெயரில் ஒரு பட்டணத்தை ஸ்தாபிக்க, அதைக் கி.மு. 209இல் ரோமத் தளபதி ஸிபியோ கைப்பற்ற, இரண்டையும் பிரித்தறியும் பொருட்டு ரோமர் அதைக் ‘கார்த்தாகோ நோவா’, அதாவது புதிய கார்த்தேஜ், என்று வழங்கியதால், மூலத்தை அறிந்தவன் காதில் அது ‘புதுப் புது நகரம்’ என்றே ஒலித்திருக்கும். ஸ்பானியரோ, அப்பெயர் தங்கள் நாவில் ‘கார்த்தஹேனா’ ஆகிவிட, 1533இல் அமெரிக்கக் கரையில் மற்றொரு கார்த்தஹேனாவை நிறுவிப் புதுமையை மும்மடங்காக்கினர்!

இலக்கணத்துக்கு வருவோம். பெண்பால்தான். எழுவாயில் ஒளிந்திருக்கும் னகரம் வேற்றுமையில் வெளிப்பட்டு, ‘கார்த்தாகினிஸ்’ என்றால் கார்த்தேஜினுடைய, ‘கார்த்தாகினி’ என்றால் கார்த்தேஜில் என்றாகும். கன்னியைக் குறிக்கும் ‘விர்கோ’வும் இதே கணத்தைச் சேர்ந்ததே. எவ்விஷயம் பற்றிப் பேசினாலும் இந்நகரம் அழிக்கப்பட வேண்டுமென்று முடித்ததாகச் சொல்லப்படும் ரோம அரசியல்வாதி மூத்த காட்டோவின் வாய்மொழியிலும், ‘அழிக்கத்தக்கவள்’ என்பது போல ‘தெலெந்தா’ என்ற பெண்பால் உருவமே வழங்குகிறது, ஆனால் கி.மு. 146இல் நகரம் வீழ்ந்தபோது, பாவம், கிழவர் காலமாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.